பார்கோட் ரீடர்ல மெட்ச் செட்டிங்: முதல்நாள் ஓகே, மறுநாள் எல்லாம் ரிஜெக்ட்

சம்மாந்துறை_பெக்கிங்
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கட மில்லுல ஒரு கிலோ அரிசி பக்கெட்ட பெட்டியில அடுக்கி லேபல் ஒட்டி கொன்வேயர்ல விடுறம், மேல ஒரு ரீடர் பூட்டி இரிக்கி. சம்பா ஓடக்குள்ள நாட்டரிசி லேபல் வந்தா பெட்டிய தள்ளிவிடணும், அவ்வளவுதான் வேல. ஒரு லேபலக் காட்டி ரீடருக்கு டீச் பண்ணின அண்டைக்கு நல்லா ஓடிச்சி, மறுநாள் முதல் பெட்டியில இருந்து எல்லாமே ரிஜெக்ட். கோட்ட வாசிக்குது, மெட்ச் மட்டும் இல்ல. லேபலுக்குக் கீழ உள்ள மாதிரியே (01) (17) (10) எண்டு கையால அடிச்சும் பாத்தாச்சி, சரிவரல்ல.

களுவாஞ்சிக்குடி_கன்ட்ரோல்
தம்பி, டீச் பண்ணினா ரீடர் அந்த லேபல முழுசா மாஸ்டரா, அதாவது ஒப்பிட்டுப் பாக்கிற மாதிரியா எடுத்துக்கும். 17ல வாற எக்ஸ்பயரி, 10ல வாற பெட்ச் நம்பர் ரெண்டும் விடிஞ்சா மாறுது, மறுகா எப்பிடி மெட்ச் ஆகும்? 01க்குப் பின்னால உள்ள 14 இலக்கப் பொருள் நம்பர மட்டும் ஒப்பிட வைங்க, ஸ்டார்ட் 3 (மூணாவது இலக்கத்துல இருந்து), நீளம் 14. சில ரீடர் 0ல இருந்து எண்ணும், அப்ப ஸ்டார்ட் 2. அந்த அடைப்புக்குறி நாம வாசிக்க அச்சடிக்கிறது, கோட்டுக்குள்ள கிடையாது.

சம்மாந்துறை_பெக்கிங்
வெச்சம் அண்ணே, இன்னும் ரிஜெக்ட்தான். பக்கெட்டுல உள்ள 479ல தொடங்குற 13 இலக்கத்துக்கு முன்னால 1 போட்டு 14 ஆக்கி குடுத்தம், பெட்டியிலயும் 1ல தானே தொடங்குது.

பாலமுனை_டெக்
காக்கா, அங்கதான் இரிக்கி விசயம். கடைசி இலக்கம் செக் டிஜிட், மத்த இலக்கங்கள வெச்சி கணக்குப் பண்ணி வாறது, முன்னால 1 சேத்தா அது கட்டாயம் மாறும். பக்கெட்டுல கடைசி 5 எண்டா பெட்டியில 2 வரும். அதால முதல் இலக்கத்தயும் கடைசியயும் விட்டுட்டு நடு 12ஐ மட்டும் ஒப்பிடுங்க, ஸ்டார்ட் 4, நீளம் 12. அதுக்கு முதல் ரீடர லெப்டொப்ல குடுத்து டெர்மினல்ல என்ன வருது எண்டு பாருங்க, சிலதுல கோட் வகையச் சொல்ற மூணு எழுத்து ]C1 மாதிரி முன்னால ஒட்டிக்கிட்டு வரும், வந்தா அத ஓப் பண்ணுங்க, ஓப் பண்ண ஏலாட்டி ஸ்டார்ட் 7.

களுவாஞ்சிக்குடி_கன்ட்ரோல்
பாலமுனைத் தம்பி சொல்றது சரி, 13 இலக்கத்த அப்பிடியே போட்டிருப்பீங்க எண்டு நான் யோசிக்கல்ல. இன்னொண்டு, பெட்டியத் தள்ளுற ரிஜெக்ட் சிலிண்டருக்கு ரீடர்ட எந்த அவுட்புட் குடுத்திரிக்கீங்க? மெட்ச் இல்லாட்டி வாற சிக்னல குடுத்தா, லேபல் கிழிஞ்சோ தவிட்டுத் தூசி லென்சுல படிஞ்சோ வாசிக்கவே ஏலாமப் போனா அந்த சிக்னல் வராது, பிழையான பெட்டி சும்மா போயிரும். மெட்ச் ஆனா மட்டும் விடு, மத்த எல்லாத்தயும் தள்ளு எண்டு பி.எல்.சி.யில (மெசின ஓட்டுற கன்ட்ரோலர்) எழுதுங்க.

சம்மாந்துறை_பெக்கிங்
மூணு எழுத்து வந்திச்சி, ஓப் பண்ணிட்டு 4, 12 வெச்சம், ஓடுது. சிலிண்டர் நீங்க சொன்ன பிழையான மாதிரித்தான் கிடக்கு, வெள்ளிக்கிழம மில் பூட்டு, அண்டைக்கு வயர மாத்துறம். சம்பா, நாடு ரெண்டுக்கும் சேத்து, மாறுற இலக்கத்துக்கு எதுவும் வரலாம் எண்டு ஸ்டார் (*) போட்டு ஒரே மாஸ்டர் வெக்கலாமா?

பாலமுனை_டெக்
வேணாம் காக்கா, மறுகா ரெண்டும் பாஸ் ஆகுமே. ரெண்டு மாஸ்டர் சேவ் பண்ணி வெச்சி செலக்டர் சுவிட்ச்ல மாத்துங்க.