புதுப்பிப்பு: எடை மெஷின் வீட்டுக்கு வந்துவிட்டது

பாளையங்கோட்டை பழைய இரும்புக் கடையில், காசு போட்டால் அட்டை தரும் ரயில் நிலைய எடை மெஷினைப் பார்த்ததையும், அண்ணாச்சி சொன்ன விலையில் மலைத்ததையும் போன மாதம் எழுதியிருந்தேன். நேற்று வாங்கிவிட்டேன்.

விலைக்குக் காரணம், அவர் மகன் பார்க்கும் 'பான் ஸ்டார்ஸ்'. 2009-இல் தொடங்கிய, அடகுக் கடை ஒன்றைப் பற்றிய அந்த அமெரிக்க டிவி நிகழ்ச்சியில், காசு போட்டால் பாட்டில் தரும் துருப்பிடித்த கோலா மெஷினை, பழைய பொருட்களைச் சீர்செய்யும் ரிக் டேல் புதிதாக்கித் தருவார். 2010-இல் அவருக்கே தனி நிகழ்ச்சி வந்தது. அங்கே காட்டுவது சீர்செய்த பிறகான விலை. தகரம் தட்டி, பெயிண்ட் சுரண்டி, கிடைக்காத பாகத்தைச் செய்து போட்ட கூலியெல்லாம் அதற்குள் அடக்கம். துருவோடு நிற்பதற்கும் அதே விலையா? பொறுமையாகச் சொன்னேன். "சரி தம்பி, நீ சொல்லுதது நியாயந்தான்" என்று பாதியாகக் குறைத்தார்.

உள்ளே ஒரு அட்டை சிக்கியிருந்தது. 52 கிலோ. யாருடையதோ, பத்திரமாக வைத்திருக்கிறேன்.