மாடன் எப்போது சைவமானார்?

எங்கள் குடும்பக் கோயில் என்றால் கோபுரமெல்லாம் கிடையாது. குமரி மாவட்டத்தில் தோவாளைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பின் மூலையில் காவல் தெய்வம் சுடலைமாடனுக்கு மண் பீடம், கொஞ்சம் தள்ளி இசக்கி அம்மனுக்கு ஒன்று. 1950ஆம் வருஷச் சட்டம் ஒன்றை வைத்து, கோயில்களில் ஆடு, கோழி வெட்டக் கூடாது என்று 2003ல் உத்தரவு வந்தபோது எங்கள் கொடையில், அதாவது கோயில் விழாவில், வெட்டு நின்றது. மறு வருஷமே அந்தச் சட்டத்தையே அரசு நீக்கிவிட்டது. ஆனால் எங்களுக்கு நின்றது நின்றதுதான். அப்புறம் தோப்பைப் பங்கு வைப்பதில் அப்பாவும் சித்தப்பாக்களும் முட்டிக்கொள்ள, கொடையே நின்றுபோனது.

போன சித்திரையில் மறுபடி எடுத்தோம், வாட்ஸ்அப் குழு போட்டு. பீடத்துக்கு டைல்ஸ் ஒட்டலாமா என்பதில் முதல் சண்டை. அடுத்து, போற்றியை, அதாவது பிராமணப் பூசாரியை, அழைத்துக் கணபதி ஹோமம் வைத்தார்கள். எனக்கு அது ஒட்டவில்லை, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எண்பது தாண்டிய பெரியம்மைதான் சாமிக்கு இலை போட்டு வைக்கும் படப்பில் சர்க்கரைப் பொங்கலையும் சுண்டலையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எலே மக்கா, மாடன் எப்பல சைவமானாரு? சுருட்டு எங்கல?" ஒருவன் பைக்கில் போய் வாங்கி வந்தான். சாராயமும் கேட்டாள்; காதில் விழாதது மாதிரி நின்றோம்.

ஐஸ்லாந்தில் தோர், ஓடின் வழிபாட்டை மீட்டவர்களுக்கு 1973ல் அரசு அங்கீகாரமே கிடைத்தது. அவர்களும் பலி கொடுப்பதில்லை. நாடு கிறிஸ்தவத்துக்கு மாறி ஆயிரம் வருஷம் ஆகிவிட்டதால் பழைய ஏடுகளைப் படித்துத்தான் சடங்கைக் கட்டினார்கள். எங்களுக்கு விட்டுப்போனது சில வருஷம்தான், ஏட்டுக்குப் பதில் பெரியம்மை. ஆனாலும் படப்புக்கு எத்தனை இலை போடுவது என்பதில் அவளுக்கே குழம்பிவிட்டது.

ராத்திரி வில்லுப்பாட்டு. கைலாயத்தில் விளக்குச் சுடரிலிருந்து பிள்ளை பிறந்த கட்டத்தில் ஆரம்பித்த அண்ணாவி, வில்லுப்பாட்டின் தலைமைப் பாடகர், நடுச்சாமம் தாண்டி வரத்துக்கு, சாமி ஆள்மேல் இறங்கும் கட்டத்துக்கு, வந்தார். பழைய சாமியாடி செத்துப் பல வருஷம். யார்மேல் வரும்? உடுக்கும் குடமும் உச்சத்துக்குப் போய் இறங்கின. ஒன்றுமில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. பங்காளிகள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்றாம் தடவை, ஹோமத்துக்கு ஓடி ஓடி வேலை செய்த சித்தப்பா மகனுக்குக் கால் ஆட ஆரம்பித்தது. வங்கியில் வேலை பார்க்கிறவன், கூச்ச சுபாவம். பெரியம்மை எழுந்துபோய் அவன் கையில் கமுகம்பூவைத் திணித்தாள்.

மறுநாள் கேட்டேன். "எல்லாம் தெரிஞ்சுதான் இருந்துச்சு அண்ணே. காலை மட்டும் நிறுத்த முடியல்ல." அவன் பொய் சொல்கிறவன் இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

*

மேலே இன்னொருவர் எழுதியதைப் படித்தேன்; எங்கள் வீட்டில் கதை நேர்மாறு. நாங்கள் அய்யாவழிக்காரர்கள், அய்யா வைகுண்டர் காட்டிய வழியில் நிற்கிறவர்கள். மாடனுக்குப் பலி, சூடம், காணிக்கை எதுவும் வேண்டாம் என்று வைகுண்டர் சொன்னதைக் கேட்டு எங்கள் முன்னோர் பீடத்தை விட்டார்கள். எங்களுக்கு அவருடைய தலைமைப் பதியான சாமித்தோப்பும், தாங்கல் என்ற ஊர் வழிபாட்டு இடமும் போதும். பீடம் இருந்த இடத்தில் இப்போது மாட்டுத் தொழுவம். அங்கே மறுபடி மாடனுக்குக் கொடை எடுக்க வேண்டும் என்று தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். விட்டதை எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அம்மை கத்துகிறாள். நானும் அம்மை பக்கம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே அந்தத் தொழுவத்து மூலையில் விளக்கு வைத்துவிட்டு வந்ததை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். கேட்கவில்லை.