இழைக் கோட்பாட்டில் திறந்த இழையும் மூடிய இழையும்: உங்களுக்கு எப்போது பிடிபட்டது?

கோவையில் எம்.எஸ்சி. படிக்கும்போது ஈர்ப்புக்கு ஐன்ஸ்டீன், மின்காந்தம் போன்ற மற்ற விசைகளுக்குக் கேஜ் கோட்பாடு என்று தனித்தனியாகத்தான் படித்தோம். இரண்டுக்கும் உள்ள உறவு எனக்குப் பிடிபட்டது, படிப்பு முடிந்து பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் சொட்டுநீருக்குக் குழாய் பதித்தபோது.

துகள்களெல்லாம் நுண்ணிய இழைகளின் அதிர்வுகள் என்பது இழைக் கோட்பாடு. அதில், முனைகள் விட்டிருக்கும் திறந்த இழையின் அதிர்வில், அந்த மற்ற விசைகளைத் தாங்கும் கேஜ் துகள்கள் கிடைக்கும். முனை சேர்ந்து வளையமான மூடிய இழையில் ஈர்ப்பைத் தாங்கும் கிராவிட்டான் கிடைக்கும். இது மனப்பாடம். ஒன்று இருந்தால் மற்றதும் ஏன் இருந்தே ஆக வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

அறுத்துப் போட்ட பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைப் பாருங்கள். ஒரு வளையம் இந்த வாயிலிருந்து அந்த வாய்க்கு நகர்ந்து போன தடம் என்று அதைச் சொல்லலாம். நீளவாட்டில் கிடக்கும் ஒரு குச்சி வட்டமாகச் சுற்றி வந்த தடம் என்றும் சொல்லலாம். முன்னது மூடிய இழையின் பயணம். பின்னது திறந்த இழை தோன்றி, சுற்றி, மறையும் குவாண்டம் சுழல். குழாய் ஒன்றுதான், கணக்கும் ஒன்றுதான். அப்படியானால் திறந்த இழையை வைத்துக்கொண்டு மூடியதை ஒதுக்கவே முடியாது. கேஜ் துகளுக்கு இடம் கொடுத்தால் ஈர்ப்பும் தானாக வந்துவிடும். அன்றைய சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

1995-இல் போல்ச்சின்ஸ்கி, திறந்த இழைகளின் முனைகள் ஒட்டியிருக்கும் பரப்புகளான டி-பிரேன்களைப் பற்றிச் சொன்னதும், 1997-இல் மால்டசேனா சொன்னதும் அப்புறம்தான் விளங்கின. அடுக்கி வைத்த டி3-பிரேன்களை (மூன்று இடப் பரிமாணம் கொண்டவை)த் திறந்த இழை வழியாகப் பார்த்தால், நான்கு பரிமாணத்தில் ஈர்ப்பே இல்லாத ஒரு கேஜ் கோட்பாடு. மூடிய இழை வழியாகப் பார்த்தால், எதிர்ம வளைவு கொண்ட ஐந்து பரிமாண ஆன்டி-டி சிட்டர் வெளியும் ஐந்து பரிமாணக் கோளமும் சேர்ந்த இடத்தில் ஈர்ப்பு. இரண்டும் சமம் என்றார் மால்டசேனா. முழு நிரூபணம் இன்னும் இல்லை. ஆனாலும் இரு பக்கமும் போட முடிந்த கணக்குகள் வியக்கும்படி ஒத்துப்போகின்றன. ஒரு பக்கம் கணக்கு கடினமாகும்போது மறுபக்கம் எளிதாகிறது என்பதுதான் இதில் பெரிய வசதி.

உங்களுக்கு எந்த வழியாக வந்தது, சொல்லுங்க.

மறுமொழி, கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

அண்ணா, எனக்குச் சிதறல் கணக்கு (துகள்கள் மோதிச் சிதறுவதைப் போடும் கணக்கு) வழியாக வந்ததுங்க. கவாய், லெவெலன், டை மூவரும் 1980-களில் காட்டியது: குவாண்டம் சுழல் இல்லாத மிகத் தாழ்ந்த படியில், மூடிய இழையின் வீச்சை (சிதறலின் நிகழ்தகவைத் தரும் எண்)த் திறந்த இழை வீச்சுகளின் பெருக்கல்களாக எழுதலாம். ஐன்ஸ்டீன் சமன்பாட்டை விரித்துக் கிராவிட்டான் சிதறலைப் போட்டால் பக்கம் பக்கமாக ஓடும். இந்த வழியில், நான்கு துகள் என்றால், இரண்டு குளுவான் (வலுவிசையைத் தாங்கும் கேஜ் துகள்) வீச்சுகளைப் பெருக்கி, ஒரு சின்னக் காரணியைச் சேர்த்தால் அதே விடை. 2008-இல் பெர்ன், கராஸ்கோ, ஜோஹான்சன் இழையே இல்லாமல் இந்த உறவை இன்னும் விரித்தார்கள். நான்கு துகளுக்கு நீங்களே ஒருதரம் போட்டுப் பாருங்கண்ணா, ஒரு மாலைப்பொழுது போதும்.