கருக்கலைப்பு எதிர்ப்பாளர்: ஒரு சொல் போதுமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கட்சி அரசியல் சொற்பட்டியலில் ‘ப்ரோ-லைஃப் டெமாக்ரட்’ (கருக்கலைப்பை எதிர்க்கும் ஜனநாயகக் கட்சிக்காரர்) என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும் என்று ஐயா கேட்டிருந்தார். உயிராதரவாளர், வாழ்வாதரவாளர், கருக்கலைப்பு எதிர்ப்பாளர் என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இம்மூன்றில் ஒன்றைத் தெரிந்தெடுப்பதற்கு முன்னால், அச்சொல் சுட்டும் மனிதர்கள் ஒரே வகையினர்தாமா என்று பார்த்துவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

> கத்தோலிக்கர் என்றாலே கருக்கலைப்பை எதிர்ப்பவர் என்பது தெளிவு; ‘எதிர்ப்பாளர்’ போதும்.

அவ்வளவு தெளிவாக இல்லை, அம்மா. 1984 செப்டம்பர் 13 அன்று நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் நியூயார்க் ஆளுநர் மரியோ குவோமோ ஆற்றிய உரையை எடுத்துக்கொள்வோம். திருச்சபையின் போதனையைத் தாமும் தம் மனைவியும் தங்கள் வாழ்வில் ஏற்பதாகச் சொன்ன அவர், பல சமயத்தார் வாழும் நாட்டில் அந்தப் போதனையை எல்லாருக்குமான சட்டமாக்குவதற்குப் பொதுமக்களின் இசைவு வேண்டும், அந்த இசைவு இப்போது இல்லை என்று வாதிட்டார். அதே ஆண்டு துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட ஜெரால்டின் ஃபெராரோவும் கத்தோலிக்கர். கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த அவருடைய நிலைப்பாட்டை நியூயார்க் பேராயர் ஜான் ஓ’கானர் வெளிப்படையாகவே கண்டித்துவந்த நேரம் அது.

இவர்கள் இருவரின் ஜனநாயகக் கட்சியிலேயே, பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில், 1987 முதல் 1995 வரை ஆளுநராக இருந்த ராபர்ட் கேசியும் கத்தோலிக்கர்தான். ஆனால் அவர் கருக்கலைப்பைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும் என்று நம்பி, அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டவர். அச்சட்டத்தை எதிர்த்து நடந்த வழக்கில்தான், அவருடைய பெயரையே தாங்கி, 1992 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது: 24 மணி நேரக் காத்திருப்பு போன்ற பெரும்பாலான கட்டுப்பாடுகள் நிலைத்தன, கணவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற பிரிவு மட்டும் நீங்கியது, கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக்கிய 1973இன் ரோ எதிர் வேட் தீர்ப்பின் அடிப்படை உரிமையோ அப்படியே நின்றது. அடுத்த மாதம் நியூயார்க்கில் கூடிய கட்சி மாநாட்டில் பேச அவருக்கு இடம் தரப்படவில்லை. அவர் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளரான கிளின்டனுக்கு ஆதரவு தெரிவிக்காததே காரணம் என்றனர் அமைப்பாளர்கள். கருக்கலைப்புக் கொள்கையே காரணம் என்றார் கேசி.

குவோமோ, கேசி இருவரையும் ‘கருக்கலைப்பு எதிர்ப்பாளர்’ என்ற ஒரே சொல்லில் அடைத்தால், அந்த மாநாட்டில் முதலாமவர் கிளின்டனை முன்மொழிந்து பேசியதும் இரண்டாமவர் வாய்மூடி அமர நேர்ந்ததும் தமிழ் வாசகருக்கு விளங்கவே விளங்காது. மது அருந்தாதவர் வேறு, மதுவிலக்குக் கேட்பவர் வேறு என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கும் வேறுபாடு அதுதான். ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும் என்பது என் கருத்து.

> அப்படியானால் ‘கருக்கலைப்பு விலக்கு’ என்றே ஆக்கலாமே?

ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் மகப்பேறு தொடர்பான இடத்தில் ‘விலக்கு’ என்றதும் மாதவிலக்கு நினைவுக்கு வருகிறது. தவிர, ‘நீட் விலக்கு’, ‘வரிவிலக்கு’ என்று பழகிய காதுக்கு அது கருக்கலைப்புக்குத் தரப்படும் சலுகை என்றே கேட்கும். பொருள் நேர் எதிராகிவிடும். ‘தடை’ என்று போட்டாலோ வேறொரு சிக்கல்: தலைப்பெழுதுவோர் கையில் அது சுருங்கி ‘கருத்தடை’ ஆனால் கர்ப்பம் தரிக்காமல் தடுக்கும் முறைகளைக் குறித்துவிடும். கத்தோலிக்கப் போதனை செயற்கைக் கருத்தடையையும் ஏற்பதில்லை என்பதால், இந்த இடறல் சிரித்துவிட்டுப் போகக்கூடியதன்று. ‘கருத்தடை எதிர்ப்பு’ பட்டியலில் தனியாக வர வேண்டிய சொல்.

எனவே ‘சட்டத்தடை’ என்று விரித்து, கேசி போன்றோருக்குச் ‘சட்டத்தடை ஆதரவாளர்’ என்றும், குவோமோ போன்றோருக்குத் ‘தன்னளவு மறுப்பாளர்’ என்றும் முன்மொழிகிறேன். இரண்டாவது சற்றுக் கரடுமுரடாக ஒலிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘தன்மறுப்பாளர்’ என்று சுருக்கினால் துறவியைச் சொல்வதாகிவிடும்.

இந்த இணை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்த்தேன். 2012 துணைத் தலைவர் விவாதத்தில் எதிரெதிரே அமர்ந்த ஜோ பைடனும் பால் ரையனும் கத்தோலிக்கர்கள். முன்னவர் தன்னளவு மறுப்பாளர், பின்னவர் சட்டத்தடை ஆதரவாளர். 2009 நவம்பரில் மிச்சிகனைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பார்ட் ஸ்டூபக், புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பணம் கருக்கலைப்புக்குப் போகக்கூடாது என்று கொண்டுவந்த திருத்தம் கீழவையில் 240–194 என்று நிறைவேறியபோது, ஆதரித்த ஜனநாயகக் கட்சியினர் 64 பேர். இங்கே சொல் சற்றுத் தடுமாறுகிறது. அரசுப் பணம் தராமல் இருப்பது தடையா? கண்டிப்பாகச் சொன்னால் இல்லை. ‘அரசு நிதி மறுப்பு’ என்று மூன்றாவது சொல்லும் வேண்டியிருக்கும். கருக்கலைப்புக்கு நடுவண் அரசு நிதி தருவதைப் பெரும்பாலும் தடுக்கும் 1976இன் ஹைட் திருத்தத்தை நெடுங்காலம் ஆதரித்து, 2019 ஜூனில் கைவிட்ட பைடனையும் அது இல்லாமல் விளக்க முடியாது.

கேசியின் மகன் பாப் கேசி இன்னும் சுவையான சான்று. 2006இல், சட்டத்தடை ஆதரவாளரும் கத்தோலிக்கருமான ரிக் சான்டோரமைத் தோற்கடித்து செனட்டுக்குள் வந்தவர். 2018இல் 20 வாரத்துக்கு மேற்பட்ட கருக்கலைப்பைத் தடுக்கும் மசோதாவுக்குச் சாதகமாக வாக்களித்தவர். 2022இல், ரோ தீர்ப்பு வீழப்போகிறது என்று தெரிந்தபின், கருக்கலைப்பு உரிமையைக் காக்கும் மசோதாவை ஆதரித்தவர். அவர் தம்மை எப்படி அழைத்துக்கொண்டார் என்பதைவிட எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்பதே சொல்லைத் தீர்மானிக்க வேண்டும்.

> உயிர், வாழ்வு: எது சரி?

‘வாழ்வாதரவு’ வேகமாகப் படிக்கும்போது ‘வாழ்வாதாரம்’ ஆகிவிடுகிறது, அதைக் கைவிடலாம். இருந்தாலும் ‘வாழ்வு’ என்ற சொல்லை முற்றாகத் தள்ளிவிட வேண்டாம். சிகாகோ கர்தினால் ஜோசப் பெர்னார்டின் 1983 டிசம்பரில் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் முன்வைத்த கொள்கை கருக்கலைப்பை அணு ஆயுதப் போருடனும் மரண தண்டனையுடனும் ஒரே இழையில் வைத்துப் பேசுகிறது. அதற்கு ‘முரணிலா வாழ்வறம்’ பொருந்தும். ஆயர்களுக்குள்ளேயே ஒரு சாரார் இக்கொள்கை கருக்கலைப்பின் தனிக்கனத்தைக் குறைக்கிறது என்று கருதுகிறார்கள் என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். ‘உயிர்க்காப்பு’ என்பதை இயக்கத்தார் தமக்குத் தாமே இட்ட பெயரை மொழிபெயர்க்கும்போது மட்டும், மேற்கோள் குறிக்குள் வைத்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்பின் பெயரான ‘ப்ரோ-சாய்ஸ்’ என்பதற்கு இலங்கை நண்பர்கள் தந்த ‘தெரிவுரிமை’ நன்று. ‘தேர்வுரிமை’ என்றால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பரீட்சையை நினைப்பார்கள்.

இறுதியாக ‘கத்தோலிக்க வாக்கு வங்கி’ என்ற தொடர். 1960இல் கென்னடிக்குக் கத்தோலிக்கரில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வாக்களித்தார்கள்; அன்றைக்கு அத்தொடர் பொருந்தியிருக்கும். இன்றைக்கு அமெரிக்கக் கத்தோலிக்கரில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேர், எல்லா அல்லது பெரும்பாலான சூழல்களிலும் கருக்கலைப்பு சட்டப்படி அனுமதிக்கப்பட வேண்டும் என்கிறார்கள் என்று பியூ ஆய்வு மையம் காட்டுகிறது. வாரந்தோறும் திருப்பலிக்குச் செல்பவர்களிடமோ பெரும்பான்மை மறுபக்கம் இருக்கிறது. குடியரசுக் கட்சியிலும் கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் சூசன் காலின்ஸ், லிசா மர்கௌஸ்கி இருவரும் கத்தோலிக்கர்களே. ‘கத்தோலிக்க வாக்காளர்’ என்று மட்டும் எழுதுவோம்.

‘கட்சி நிலைக்கு மாறுபட்டோர்’ என்ற தலைப்பில் ‘கொறடா உத்தரவு’ என்பதைச் சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு அது பொருந்தாது; அங்கே மாறி வாக்களித்தவரை உட்கட்சித் தேர்தலில் வாக்காளர்தான் தண்டிக்கிறார், 2020இல் கருக்கலைப்பை எதிர்த்த இலினாய் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் டான் லிபின்ஸ்கிக்கு நேர்ந்ததுபோல. 2013இல் கருக்கலைப்பை வரம்புடன் அனுமதிக்கும் மசோதாவை எதிர்த்து வாக்களித்ததற்காக ஃபினா கேல் கட்சி தன் நாடாளுமன்றக் குழுவிலிருந்து லூசிண்டா கிரைட்டனை நீக்கிய அயர்லாந்துக்கு அது சரியாகப் பொருந்தும். அச்சொல்லை அயர்லாந்துப் பகுதிக்கு மாற்றிவிடக் கேட்டுக்கொள்கிறேன்.