உதகமண்டலமா, ஒத்தைக்கல் மந்தா?

பைக்காராக்காரன்:
'சொல்வேர்' நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து காலை டீ தொண்டையில் இறங்கவில்லை. "உதகம் என்றால் நீர், மண்டலம் என்றால் வட்டம், நடுவில் ஏரி இருப்பதால் உதகமண்டலம். 1819-ல் சல்லிவன் கண்டுபிடிக்கும் வரை அது ஆளில்லாத மலை." இதற்குக் கைதட்டல் வேறு. ஐயா, அந்த ஏரியை வெட்டியதே கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த அந்த சல்லிவன்தான். வேலை தொடங்கியது 1823-ல். ஊர்ப் பெயரோ 1821-லேயே மெட்ராஸ் கெஜட்டுக்கு யாரோ எழுதிய கடிதத்தில் 'வோட்டக்கிமண்ட்' என்று வந்துவிட்டது. வெட்டாத ஏரியைப் பார்த்தா பெயர் வைத்தார்கள்? அது இந்த மலையில் எருமை மேய்க்கும் தோடர் பழங்குடியினரின் 'ஒத்தைக்கல் மந்து', ஒற்றைக் கல் நிற்கும் ஊர் என்று நான் சொல்லிவருகிறேன்.

சொல்வேர்:
ஏரி ஒரு எடுத்துக்காட்டுதான் நண்பரே. ஏரி வெட்டுவதற்கு முன்னால் அந்தப் பள்ளத்தில் ஓடையும் சதுப்பும் இல்லாமலா இருந்தது? உதகம் என்றால் நீர், எந்த நிகண்டிலும் இருக்கிறது. உங்கள் ஒத்தைக்கல் எங்கே இருக்கிறது, முதலில் அதைச் சொல்லுங்கள்.

பைக்காராக்காரன்:
எடுத்துக்காட்டு என்று இப்போது சொல்கிறீர்கள், நேற்று "நடுவில் ஏரி இருப்பதால்" என்று எழுதினீர்கள். 1823, மறக்க வேண்டாம். அடுத்து மண்டலம். தோடர் ஊர்களை வரிசையாகச் சொல்கிறேன்: முத்தநாடு மந்து, மஞ்சக்கல் மந்து, தாரநாடு மந்து, பகல்கோடு மந்து. எல்லாம் மந்து, ஒன்றுகூட மண்டலம் இல்லை. எருமையும் பட்டியும் நாலைந்து குடிசையும் சேர்ந்தது மந்து. வெள்ளைக்காரன் அதை 'மண்ட்' ஆக்கினான், நம் ஆட்கள் அதற்குப் பட்டுவேட்டி கட்டி மண்டலம் ஆக்கிவிட்டார்கள். கோத்தகிரிக்கும் இதே கதிதான். அது கோத்தர் கேரி, கோத்தர் என்ற மலைக்குடியினர் இருந்த தெரு. 'கேரி'யைக் 'கிரி' ஆக்கி மலையாக நிமிர்த்திவிட்டார்கள்.

அவிநாசி அப்புக்குட்டி:
எனக்கு இரண்டு பேரும் சொல்வது புரியவில்லை. நாங்கள் ஊட்டி என்போம், பஸ்ஸிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. போன மாதம் இ-பாஸ் எடுத்துக்கொண்டு போனோம். பர்லியாறு தாண்டுவதற்குள் பையன் மூன்று முறை வாந்தி.

சொல்வேர்:
மந்து என்பது நம் மந்தை, மன்று. அதுவும் தமிழ்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கல் எங்கே? மந்து மந்து என்று பத்து வரி எழுதியவர் கல்லைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, கவனித்தீர்களா?

பைக்காராக்காரன்:
பாருங்கள், தோடர் பேச்சையும் பிடித்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். தோடா திராவிட மொழிதான், ஆனால் தனி மொழி. மொழியியலாளர் எமனோ 1930-களில் வந்து பாட்டுப் பாட்டாக எழுதிக்கொண்டு போனது தோடாவை, உங்கள் பேட்டைத் தமிழை அல்ல. அவர்களை ரோமானியர், சுமேரியர் என்று கதை கட்டியவர்களும் உண்டு, இப்போது நீங்கள் ஒருவர் கூடியிருக்கிறீர்கள். அப்புறம் அந்த "ஆளில்லாத மலை". 1117-ம் ஆண்டு ஹொய்சளக் கல்வெட்டு ஒன்று சாம்ராஜ்நகரில் இருக்கிறது. விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைப் பிடித்தான் என்கிறது. ஆளில்லாத மலையில் யாரை அச்சுறுத்தினான், எருமையையா? 1603-ல் மலபாரிலிருந்து ஃபெனிசியோ என்ற யேசு சபைப் பாதிரியார் ஏறி வந்து தோடரைப் பார்த்து எழுதிவைத்தார். சரி, வெள்ளைக்காரன் கணக்குதான் வேண்டுமென்றால் 1812-ல் கீஸும் மக்மேகனும் அளக்க ஏறினார்கள், 1818-ல் விஷ்ஷும் கிண்டர்ஸ்லியும் ஏறினார்கள். சல்லிவன் அதற்கும் பிறகுதான்.

ஹட்டிப்பெண்:
அண்ணா, நீங்களும் ஊட்டியையே சுற்றுகிறீர்கள். சல்லிவன் முதலில் தங்கியது எங்கள் பக்கம், கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில். பெத்தகல் பங்களா இன்றைக்கும் நிற்கிறது. 'பெத்தகல்' என்ற பெயரிலும் ஒரு கல் இருக்கிறது, வேண்டுமானால் சொல்வேர் சார் அதை எடுத்துக்கொள்ளட்டும்.

சொல்வேர்:
தங்கை, நான் கேட்டது ஒத்தைக்கல். மேலும் நீங்கள் படுகர், படுகர் என்றாலே வடக்கிலிருந்து வந்தவர் என்றுதான் பொருள். விஜயநகரம் சரிந்த பிறகு மைசூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள். பூர்வகுடி விவாதத்தில் நீங்கள் எந்தப் பக்கம்?

ஹட்டிப்பெண்:
இப்படிக் கேட்பீர்கள் என்று தெரியும், போன வருடமும் கேட்டீர்கள். தோடர் நெய் கொடுத்தார்கள், கோத்தர் கத்தியும் பானையும் கொடுத்தார்கள், சாவுக்கும் திருவிழாவுக்கும் வந்து வாசித்தார்கள், குறும்பர் தேன் கொண்டுவந்தார்கள், நாங்கள் தானியம் கொடுத்தோம். காசே இல்லாமல் இப்படியே பல தலைமுறை. எங்கள் ஹெத்தை அம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்குப் பேரகணி ஊருக்கு வந்து பாருங்கள், அப்புறம் யார் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். கீழேயிருந்து ரயிலேறி வந்தவர்களுக்குப் பூர்வகுடி அளவுகோல் யார் கொடுத்தது?

அவிநாசி அப்புக்குட்டி:
ரயிலைக் குறை சொல்லாதீர்கள். 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை, இந்த ஒரு விஷயம் எனக்கு மனப்பாடம்.

பைக்காராக்காரன்:
தங்கச்சி சொல்வது சரி, ஆனால் பேச்சு திசைமாறக் கூடாது. ஏரி, 1823. இன்னும் பதில் வரவில்லை. பொட்டானிக்கல் கார்டனுக்கு மேலே ஏறினால் மஞ்சக்கல் மந்து. பாதிப் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி குடிசை, மேலே புல், இடுப்பளவுகூட இல்லாத வாசல், தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். அந்தப் புல்லுக்கு இன்றைக்கு அலைய வேண்டியிருக்கிறது. 1840-களிலிருந்து கற்பூர மரத்தையும் வாட்டில் மரத்தையும் நட்டுப் புல்வெளியை மூடிவிட்டார்கள். "ஏக்கர் ஒரு ரூபாய்க்கு சல்லிவன் வாங்கினார்" என்று பெருமையாக எழுதுகிறார்களே, விற்றவருக்கு விற்பது என்றால் என்னவென்று தெரியுமா? எருமை மேய்ந்த இடத்துக்குப் பத்திரம் எங்கே இருந்தது?

சொல்வேர்:
கண்ணீர்க் கதைக்கு நன்றி. கல் எங்கே?

கூடலூர் மழை:
ஐயா, இந்த மலை இரண்டு பேருக்கு மட்டும் சொந்தமா? எங்கள் பக்கம் பணியரும் காட்டுநாயக்கரும் இருக்கிறார்கள். தேயிலை எஸ்டேட் வரும் முன்பே இருந்தவர்கள். இத்தனை பதிவில் அவர்கள் பெயரை எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. ஊட்டி பெயருக்கு மட்டும் இவ்வளவு சண்டை.

பைக்காராக்காரன்:
எழுதுவேன், அதற்குத் தனியாக எழுதுவேன். முதலில் இவர் 1823-ஐ ஒத்துக்கொள்ளட்டும்.

சொல்வேர்:
நான் ஒத்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஏரி பிறகு வந்தது, தண்ணீர் முன்பே இருந்தது. நீங்கள் பைக்காரா பவர் ஹவுஸ் மாதிரி ராத்திரி பகலாக ஓடுகிறீர்கள், வெளிச்சம்தான் வரவில்லை.

பைக்காராக்காரன்:
பைக்காரா தோடருக்குப் புனித ஆறு. 1932-ல் மின்நிலையம் வரும் முன்பே அங்கே அவர்களுடைய எருமைகள் நின்றன. கிண்டல் செய்ய உங்களுக்கு வேறு ஆறு கிடைக்கவில்லையா? அவிநாசியார் ஊட்டியிலிருந்து தோடர் சால்வை வாங்கி வந்தாரா என்று கேளுங்கள்.

அவிநாசி அப்புக்குட்டி:
வாங்கினேன். ஒரு கடையில் கைவேலை என்று கொடுத்தார்கள். வீட்டில் விரித்துப் பார்த்தால் சிவப்பும் கறுப்பும் அச்சு, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. இரண்டாவது துவைப்பில் சிவப்பு ஓடிவிட்டது.

ஹட்டிப்பெண்:
2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலைப்பாடு அண்ணா அது. நூலை எண்ணி எண்ணிப் போடுவது, இரண்டு பக்கமும் பார்க்கலாம். அடுத்த முறை மந்துக்கே போய் வாங்குங்கள்.

சொல்வேர்:
போகும்போது அந்தக் கல்லையும் ஒரு போட்டோ எடுத்து வாருங்கள்.

பைக்காராக்காரன்:
ஏரியையும் எடுத்து வாருங்கள், கரையில் நின்று யார் வெட்டியது என்று படகுக்காரரைக் கேளுங்கள். 1823.

அவிநாசி அப்புக்குட்டி:
இரண்டுக்கும் சேர்த்து இ-பாஸ் ஒன்று போதுமா?