சைவ ஜியாவ்ஸி ஆவியில் கிழிகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் மக்களே. மைதாத் தோலுக்குள் பூரணம் வைத்து மடிக்கும், நம்ம கொழுக்கட்டை மாதிரியான சீனர்களின் ஜியாவ்ஸியைச் சைவமாகச் செய்கிறேன் என்று இறங்கி இரண்டு ஞாயிறு வீண். உள்ளே முட்டைக்கோஸ், ஷிடாகே காளான், டோஃபு, இஞ்சி. கோஸை உப்புப் போட்டுப் பிழிந்தும், எடுக்கும்போது அடித்தோல் இட்லித் துணியோடு போய்விடுகிறது.

200 கிராம் மைதாவுக்கு 100 மில்லி பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தேன். அது தண்ணீரில் வேகவைக்கும் வகைக்காம். ஆவிக்குக் கொதிநீர் மாவுதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. "கொழுக்கட்டைக்குக் கொதிநீர் ஊற்றுகிற கைக்கு இது தோணலையா?" என்கிறார் மாமியார்.

சரி, முழுக்கக் கொதிநீரா, பாதிதானா? துணிக்குப் பதில் கோஸ் இலை விரித்தால் ஒட்டாதா? சின்ன மூங்கில் தட்டில் எத்தனை நிமிடம் வைக்கிறீர்கள்? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள், மீதிக் காளான் ஃபிரிட்ஜில் காத்திருக்கிறது.