பங்களாதேஷ் கச்சேரி: கூட்டத்திலிருந்து பிடித்த பதிவைப் பகிரலாமா, கூடாதா?

நாடாச்சுருள்:
போன வாரம் ஒரு பழைய நண்பர் மூலம் 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த பங்களாதேஷ் கச்சேரியின் பகல் காட்சியின் ஒலிப்பதிவு என் கைக்கு வந்தது. பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனும் சித்தார் மேதை ரவிசங்கரும் கிழக்குப் பாகிஸ்தான் (இன்றைய பங்களாதேஷ்) அகதிகளுக்காக நடத்தினார்களே, அதுதான். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் ரெக்கார்டரில் பிடித்தது. ராத்திரி 11 மணிக்கு ஹெட்போனை மாட்டினேன், கழற்றும்போது மணி 2. டிரம்ஸ் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது, பக்கத்து சீட்டில் ஒருவர் தாளம் தப்பிக் கைதட்டிக்கொண்டே இருக்கிறார். ஆனால் பாப் டிலன் பாடிவிட்டு உள்ளே போன பிறகு ஹாரிசன் 'ஹியர் மீ லார்ட்' எடுக்கிறார் பாருங்கள், அங்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பாட்டைப் பகலில் மட்டும்தான் பாடினார், இரவுக் காட்சியில் விட்டுவிட்டார். மூன்று இசைத்தட்டாக வந்த ஆல்பத்தில் அது கிடையாது, படத்தில் கிடையாது, 2005இல் வந்த டிவிடியிலும் கிடையாது. கூட்டத்தில் ஒருத்தர் துணிந்து பட்டனை அமுக்கியிருக்காவிட்டால் காற்றோடு போயிருக்கும்.

கேட்கிறவர்களுக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். காசு எதுவும் வேண்டாம்.

செங்காந்தள்:
அனுப்பாதீர்கள் அண்ணா. வேறு கச்சேரி என்றால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன், இது பசிக்காக நடந்த கச்சேரி. என் அப்பா அந்த வருடம் ராணுவ மருத்துவப் பிரிவில் கல்கத்தாவில் இருந்தார். சால்ட் லேக் முகாமில், சாக்கடை போடக் கொண்டுவந்து இறக்கிய பெரிய சிமென்ட் குழாய்களுக்குள் குடும்பம் குடும்பமாக ஆட்கள் படுத்துக் கிடந்ததை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குழாய் வாயில் ஒரு கிழிந்த சேலையைக் கதவு மாதிரி கட்டியிருப்பார்களாம். காலரா வந்துவிட்டால் உள்ளே தவழ்ந்து போய்த்தான் ஆளை இழுத்து வரணுமாம். 1970 நவம்பர் புயலில் ஏற்கனவே நொறுங்கிப் போயிருந்த நாடு அது. 71 மார்ச் 25 ராத்திரி பாகிஸ்தான் ராணுவம் இறங்கிய பிறகு கிட்டத்தட்ட 1 கோடி பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள்.

அவர்களுக்காகத்தான் ரிங்கோ ஸ்டார், எரிக் கிளாப்டன், லியான் ரஸ்ஸல், பில்லி பிரெஸ்டன் எல்லாரும் சம்பளம் வாங்காமல் மேடையேறினார்கள். டிக்கெட் வசூல் 2,43,418 டாலர் 50 சென்ட் யூனிசெஃப்புக்குப் போனது. அதற்கு மேல் வரவேண்டிய பணம் முழுக்க ஆல்பத்தையும் படத்தையும் நம்பித்தான் இருந்தது. அப்படி இருக்கும்போது கள்ளப் பதிவு வாங்கி ஆசையைத் தீர்த்துக்கொண்ட ஒருத்தர், அதனால் ஒரிஜினலை வாங்காமல் விட்டிருந்தால் அது யாருடைய சோறு? உங்களுக்குக் காசு வேண்டாம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பதிவு பிறந்த வழியே தப்பு.

நாடாச்சுருள்:
தங்கச்சி, உங்கள் அப்பா சொன்னதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத மனசு வரவில்லை, அதனால்தான் இவ்வளவு நேரம். ஒன்று மட்டும் சொல்கிறேன், பதிவு செய்தவர் வேறு, அதைத் தட்டாகப் போட்டு விற்றவர் வேறு. முதல் ஆள் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போனார், அவர் கொடுத்த காசும் நீங்கள் சொன்ன அந்த 2,43,418க்குள் இருக்கிறது. விற்றவனை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன். கூட்டத்தில் இருந்து பிடித்ததைச் சும்மா கைமாற்றிக் கேட்கிறவர்களையும் அவனையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

தாமிரபரணி:
இரண்டு பேரும் நடுவில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அந்தக் கள்ளத் தட்டுகளுக்கு ஏன் கிராக்கி வந்தது? கச்சேரி நடந்தது ஆகஸ்ட் 1. ஆல்பம் அமெரிக்கக் கடைக்கு வந்தது டிசம்பர் 20. எண்ணிப் பாருங்கள், 141 நாள். சில நாட்களில் கொண்டுவந்துவிடலாம் என்று ஹாரிசன் நினைத்திருந்தார். ஒலியைக் கலந்து முடிக்கவே நாளானது, அப்புறம் கம்பெனிகளுக்குள் பேச்சுவார்த்தை இழுத்தது. டிலன் கொலம்பியா கம்பெனியின் ஒப்பந்தத்தில் இருந்தார், ஆல்பத்தைப் போடவேண்டியது கேப்பிடல். கேப்பிடல் செலவைக் கேட்க, கொலம்பியா பங்கைக் கேட்க, தட்டு வெளியே வராமல் கிடந்தது. நவம்பரில் ஹாரிசன் டிக் கேவெட்டின் டிவி நிகழ்ச்சிக்குப் போய், கேப்பிடலின் தலைவர் பாஸ்கர் மேனன் பெயரையே சொல்லி, நானே வேறு கம்பெனி வழியாக வெளியிடுகிறேன், வழக்குப் போட்டால் போடட்டும் என்கிற அளவுக்குக் கொதித்தார். (மேனன் நம் பக்கத்துத் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். கடைசியில் கேப்பிடல் 37.5 லட்சம் டாலருக்கு முன்பணமாகவே காசோலை கொடுத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.) அந்த நாலரை மாத இடைவெளியில்தான் கள்ளத் தட்டுக்காரர்கள் புகுந்தார்கள்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 1971 ஆகஸ்டில் அமெரிக்காவின் மத்திய பதிப்புரிமைச் சட்டம் பாட்டு எழுதியவருக்கு உரிமை தந்தது. ஒலிப்பதிவுக்கு என்று தனிப் பாதுகாப்பு முதலில் வந்தது 1972 பிப்ரவரி 15 முதல் பதிவானவற்றுக்குத்தான். மேடையில் நடப்பதை அனுமதி இல்லாமல் பதிவு செய்வதற்கு எதிராக மத்திய சட்டம் வந்தது 1994இல். ஆக, மடியில் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருந்த அந்த ஆள் அன்றைய கணக்கில் பெரிய குற்றவாளி என்று சொல்ல முடியாது. அச்சடித்து விற்றவன் கதை வேறு, எழுதியவர்களுக்குச் சேரவேண்டியதை அவன் அப்போதே முழுங்கினான்.

செங்காந்தள்:
ஐயா, தாமதத்துக்குக் கம்பெனிகள் காரணம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ரேஷன் கடை திறக்க நேரமானால் மூட்டையை எவன் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஆகிவிடுமா? கச்சேரிக்கு முன்பே யூனிசெஃப் பெயரில் முறையாகப் பதியாமல் விட்டதால் அமெரிக்க வரித்துறை பல வருடம் பணத்தை முடக்கி வைத்ததும் எனக்குத் தெரியும், 1985 வாக்கில்தான் மொத்தம் சுமார் 1.2 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது. பணம் போகிற வழியில் இத்தனை பேர் கை வைத்திருக்கும்போது ரசிகர்களும் சேர்ந்து கை வைக்கக் கூடாது என்பதுதான் என் வாதமே.

இன்னொன்று. 'ஹியர் மீ லார்ட்' பாட்டை இரவில் விட்டது யார்? ஹாரிசனேதான். பகலில் கடைசியில் வந்த 'மை ஸ்வீட் லார்ட்' பாட்டை இரவில் ஆரம்பத்துக்கே கொண்டுவந்து, வரிசையை மாற்றி, இதை எடுத்துவிட்டார். 2005 வெளியீட்டில் டிலன் பகலில் மட்டும் பாடிய 'லவ் மைனஸ் ஜீரோ'வைச் சேர்த்தார்கள், இதைச் சேர்க்கவில்லை. பாடியவர் வேண்டாம் என்று வைத்ததை நாம் எடுத்துக் கேட்பது, அவர் கிழித்துப்போட்ட கடிதத்தை ஒட்டிப் படிப்பது மாதிரி எனக்குப் படுகிறது.

ஒலிப்பெட்டி:
நான் சவுண்ட் வேலை பார்க்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கூட்டத்துப் பதிவுதான் உண்மை, ஆல்பம் பூச்சு என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டு திரிகிறது, எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அரங்கத்தில் ஒரு சீட்டில் கேட்டது அந்த சீட்டின் உண்மை, அவ்வளவுதான். ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டூடியோ ஆட்கள் 16 டிராக்கில் (தனித்தனி ஒலித்தடங்களில்) மேடையைப் பிடித்ததால்தான் அல்லா ரக்காவின் தபலாவில் விரல் விழுகிற இடம் இன்றைக்கும் நமக்குக் கேட்கிறது. கூரை உயரமான அந்த விளையாட்டு அரங்கத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தவருக்கு அது மொத்தமாக ஒரு தொப்தொப்பாகத்தான் போயிருக்கும்.

ஆல்பத்திலும் வெட்டு ஒட்டு உண்டு, மறுக்கவில்லை. இரண்டு காட்சிகளிலிருந்தும் எடுத்துக் கோர்த்ததுதான் அது, 'வா-வா' பாட்டு ஒன்றுக்குள்ளேயே இரண்டு காட்சியும் இருக்கிறது. அதே ஆல்பத்தில் ரிங்கோ பாட்டின் நடுவில் வரி மறந்து தடுமாறுவதை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். மறைக்க நினைத்தவர்கள் அதையல்லவா முதலில் வெட்டியிருப்பார்கள்?

நாடாச்சுருள், உங்களிடம் இருப்பது எத்தனையாவது நகல்? வேகம் சரியாக இருக்கிறதா?

நாடாச்சுருள்:
எத்தனையாவது நகல் என்று நண்பருக்கே தெரியவில்லை. வேகம்தான் சந்தேகம். ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது, போகப் போக ஹாரிசன் குரல் கொஞ்சம் மெலிந்து மேலே போகிறது. அவர் குரலே அப்படி ஏறிவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

ஒலிப்பெட்டி:
அது பேட்டரி. ரெக்கார்டரில் பேட்டரி இறங்க இறங்க நாடா மெதுவாக நகரும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிவிடும். கடைசிப் பாட்டை கிட்டாரில் வைத்துப் பாருங்கள், ஆல்பத்தில் இருக்கும் அதே பாட்டோடு ஒப்பிட்டால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். தயவுசெய்து இரைச்சலை நீக்குகிறேன் என்று எந்த மென்பொருளிலும் போட்டுவிடாதீர்கள். இரைச்சலோடு டிரம்ஸின் சிம்பல் தட்டுச் சத்தத்தையும் சேர்த்து வழித்து எடுத்துவிடும், அப்புறம் எல்லாரும் தண்ணீருக்குள் நின்று பாடுகிற மாதிரி ஆகிவிடும். இணையத்தில் சுற்றுகிற பழைய பதிவுகள் பாதி இப்படித்தான் செத்தன.

சபாகேன்டீன்:
நான் கர்நாடக சங்கீத ஆள். எங்கள் பக்கத்தில் இது அன்றாடம் நடக்கிறது. ரசிகர்கள் சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து பிடித்த கேசட்டுகள் இல்லாவிட்டால் பெரிய வித்வான்களின் எத்தனையோ கச்சேரிகள் இன்றைக்கு நம் காதுக்கே வந்திருக்காது. என் மாமா 40 வருடம் பிடித்தார், ஒரு கேசட்கூட விற்கவில்லை. அட்டையில் தேதி, இடம், பக்கவாத்தியம் எல்லாம் பச்சை மையில் எழுதுவார். கேசட்டைத் திருப்பிப் போடுகிற அந்த அரை நிமிடத்தில் போன ஸ்வரத்தை நினைத்து வருடக்கணக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அவரைத் திருடன் என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது.

பங்களாதேஷ் கச்சேரி ஆல்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், ரவிசங்கரும் சரோத் வாசித்த அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டுமே, அதுதான். ரவிசங்கர் கோபப்படவில்லை. சுருதி சேர்ப்பதையே இவ்வளவு ரசித்தால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு 'பங்களா துன்' ஆரம்பித்தார். புகைபிடிக்க வேண்டாம் என்றும் முன்னாலேயே கேட்டுக்கொண்டார். சித்தாரை அதுவரை நேரில் கேட்டிராத அந்தக் கூட்டம் எப்படி மெல்ல மெல்ல அடங்கியது என்பதைக் கூட்டத்துக்குள் இருந்த மைக் மட்டும்தான் பிடிக்க முடியும். ஆல்பத்தில் கைதட்டல் கடல் மாதிரி ஒரே சத்தம். மடியில் இருந்த ரெக்கார்டரில் ஆள் ஆளாகக் கேட்கும். அது சரித்திரம் இல்லையா?

செங்காந்தள்:
உங்கள் மாமாவை யார் என்ன சொன்னார்கள்? அவர் கேட்ட கச்சேரியின் வருமானம் பட்டினி கிடந்தவர்களுக்கு என்று எழுதிவைத்த பணம் இல்லையே. அந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் பாருங்கள் என்கிறேன். சரித்திரம் என்றால் ஒரு ஆவணக் காப்பகத்தில் கொடுங்கள், ஆராய்ச்சி செய்கிறவர்கள் கேட்கட்டும். நூறு பேருக்கு அனுப்பினால் நூற்றியோராவது ஆள் அதை அட்டை போட்டு விற்பான். இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது.

தாமிரபரணி:
நூற்றியோராவது ஆள் பற்றி நீங்கள் சொல்வது நியாயம் அம்மா. 1969இல் டிலனுடைய வெளிவராத பாட்டுகளைக் கள்ளத் தட்டாகப் போட்டார்களே, அதிலும் ஆசையாகக் கைமாறிக்கொண்டிருந்த நாடாக்கள்தான் கடைசியில் வியாபாரிக்குப் போய்ச் சேர்ந்தன. எனக்கு ஒரு யோசனை. யூனிசெஃப்புக்கான ஜார்ஜ் ஹாரிசன் நிதி என்று ஒன்று 2005இலிருந்து இருக்கிறது. கேட்க விரும்புகிறவர்கள் முதலில் அங்கே ஆல்பத்தின் விலையைக் கட்டட்டும். அன்றைக்கு மூன்று தட்டு 12 டாலர் 98 சென்ட்.

செங்காந்தள்:
கட்டட்டும், நல்லதுதான். ஆனால் கட்டிவிட்டதால் தப்பு சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள் ஐயா. எனக்கு இரண்டும் வேறு வேறு. ஹாரிசன் வேண்டாம் என்று எடுத்த பாட்டு என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நாடாச்சுருள்:
நான் சொல்கிறேன். வீட்டில் பாடிப் பார்த்துத் தூக்கிப்போட்ட பாட்டு என்றால் நீங்கள் சொன்ன கிழித்த கடிதம் சரி. இது இரண்டு காட்சியிலும் சேர்த்து 40,000 பேர் வந்த கச்சேரி, பகலில் வந்த அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டுப் பாடினார். டிலன் வருவாரா மாட்டாரா என்று கடைசி வரைக்கும் தெரியாமல், கிட்டாரில் ஒட்டியிருந்த பாட்டு வரிசையில் 'பாப்' என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவைத்திருந்த மனிதர். அந்த டிலன் வந்து பாடிப் போன பிறகு, மன்னித்துவிடு, என்னைக் கேள் என்று கடவுளிடம் கெஞ்சுகிற பாட்டை எடுக்கிறார். அந்த நேரத்தில் அவர் மனசு எப்படி இருந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் சாட்சி. அதனால்தான் விட மனசு வரவில்லை.

ஆனாலும் பொதுவில் ஏற்றப்போவதில்லை. அந்த நூற்றியோராவது ஆள் விஷயம் எனக்கு உறுத்துகிறது. ஒலிப்பெட்டிக்கு மட்டும் அனுப்புகிறேன், வேகத்தைச் சரிசெய்து தரட்டும். தாமிரபரணி சொன்ன நிதிக்கு நாளைக்கே கட்டிவிடுகிறேன்.

ஒலிப்பெட்டி:
அனுப்புங்கள். நீங்கள் தருவதைத் தொடாமல் ஒரு பிரதி தனியாக வைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன்.

செங்காந்தள்:
நான் கேட்கப் போவதில்லை, என் நிலைமையும் மாறவில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள் அண்ணா. பக்கத்து சீட்டில் ஒருவர் தாளம் தப்பிக் கைதட்டினார் என்றீர்களே, அவர் அந்தப் பாட்டுக்கும் தட்டினாரா?

நாடாச்சுருள்:
இல்லை தங்கச்சி. இப்போதுதான் மறுபடி போட்டுக் கேட்டேன். அந்தப் பாட்டு முழுக்க ஒரு தடவைகூடத் தட்டவில்லை. முடிந்ததும் எல்லாரும் தட்டுகிறார்கள், அவர் கொஞ்சம் கழித்துத்தான் ஆரம்பிக்கிறார்.